மயில் சிலந்திக்கு ஒரு லென்ஸ்

மெர்வ் டாங்கின் தன் பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி, பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் ஏழு லென்ஸ்களை வரிசையாக வைத்திருந்தான். பூச்சிகளைக் கிட்டப்போய்ப் படமெடுக்கிற எங்கள் குழுவில் யாராவது லென்ஸ் வாங்கப்போகிறார்கள் என்றால் இதுதான் வழக்கம். செப்டம்பர் முதல் ஞாயிறு அவரவரிடம் இருப்பதைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். வாங்குகிறவர் ஒவ்வொன்றாகத் தன் கேமராவில் மாட்டிப் பார்க்கலாம். பதிலுக்கு ஆளாளுக்குச் சொல்லும் புத்திமதியை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இந்த இரண்டில் முதலாவதுதான் எனக்கு வரும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் முப்பத்தொரு பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் மூன்று வரை நேரம் எனக்குச் சொந்தம். அந்த நேரத்தைப் பதினோரு வருடங்களாகச் சிலந்திக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தச் சிலந்தியும் அல்ல, மயில் சிலந்தி. அரிசி மணி அளவுதான் இருக்கும். செப்டம்பரில் தொடங்கும் எங்கள் வசந்தத்தில் ஆண் சிலந்தி பெண்ணின் முன்னால், சில சமயம் எதிரே இருக்கிற எதன் முன்னாலும், வயிற்றுமேல் மடித்து வைத்திருக்கும் விசிறியைத் தூக்கி விரித்து, இரண்டு கால்களை உயர்த்திக்கொண்டு ஆடும். ஒவ்வொரு வகைக்கும் விசிறியில் வேறு வேறு கோலம். எங்கள் ஊரை ஒட்டிய ஸ்டிர்லிங் மலைப்பக்கம் இருக்கிற வகைகளை எல்லாம் எனக்குக் கோலத்தை வைத்தே தெரியும். அதனால்தான் போன வருடம் டாங்கின் சாலை என்கிற சரளைச் சாலையின் ஓரத்தில் ஒன்றைப் பார்த்ததும் இது யாரும் பார்க்காதது என்று அடித்துச் சொன்னேன்.

ஆனால் எடுத்த படம் கலங்கலாக விழுந்து கெட்டுவிட்டது. பெர்த்தில் சிலந்தி ஆராய்கிற ரோவீனா, ஒரு வாரம் கழித்துப் பதில் எழுதினாள். சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் இது எதுவாகவும் இருக்கலாம் என்று. கண்ணும் விசிறிக் கோலமும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டுமாம். எனக்கு அவமானமாக இருந்தது, பொய் சொல்வானேன். பழைய கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே கண்ணாடி இல்லாததால் சத்தமே வராத மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன். அதற்கு லென்ஸ்தான் பாக்கி.

வீட்டிலிருந்து வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சி ஒரு கட்டு கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு லென்ஸையும் மாட்டி, முகப்பில் ஒரு குச்சியை டேப் போட்டு ஒட்டி, அதன் நுனி தெளிவாகத் தெரியும்வரை உடைத்துக்கொண்டே வந்தேன். மிச்சம் நிற்கிற நீளம்தான் லென்ஸுக்கும் சிலந்திக்கும் நடுவே கிடைக்கிற இடம். மெர்வ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

"சமைக்கப் போறியா, படம் எடுக்கப் போறியா?"

"உன் லென்ஸ் எவ்வளவு இடம் விடுதுன்னு பாக்கறேன்யா. சுண்டுவிரல் நீளம்கூட இல்லையே."

"அதனால என்ன? நெசத்தவிட ரெண்டு மடங்கு பெருசா காட்டுதுல்ல. நீ பாக்கற அந்த நூறு மில்லிமீட்டர் லென்ஸ்ல சிலந்திப் பய பொடியா விழுவான்."

"பொடியா விழுந்தா வெட்டிப் பெருசாக்கிக்கலாம். ஓடிப்போனவன எங்க போய் வெட்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். மெர்வும் சிரித்தான். எத்தனை மடங்கு என்று பெருமையடிப்பது எங்கள் கூட்டத்துக்கே உரிய நோய். அளவுகோலை வைத்துப் படமெடுத்துக் காட்டிப் பீற்றிக்கொள்வார்கள். அளவுகோல் ஓடாது, அதை யாரும் யோசிப்பதில்லை. பதினோரு வருடத்தில் நான் கற்றது ஒன்றுதான். நாலு விரல் தூரத்துக்குள் போனால் சிலந்தி சுதாரித்துக்கொள்ளும். நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒரு கையகலத்துக்குக் கொஞ்சம் கூடவே இடம் விட்டது. அதையே வாங்கினேன், இரண்டாவது யோசனை இல்லை.

இதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது. சிலந்தியைப் பார்த்த அந்த டாங்கின் சாலையை அகலப்படுத்தச் சொல்லி மூன்று வருடம் மனு போட்டவளே நான்தான். தானிய லாரி எதிரே வந்தால் பேருந்தை ஒதுக்க இடமில்லை. ஒருமுறை பிள்ளைகளோடு பள்ளத்தில் சரியப் பார்த்தேன். மனு பலித்துவிட்டது. கிழக்கு ஓரத்துப் புதரை, அதாவது என் சிலந்தி இருக்கிற புதரை, ஜனவரியில் தள்ளப்போகிறார்கள். புது வகை என்று நிரூபணமானால் மேற்குப் பக்கமாக அகலப்படுத்தச் சொல்லி எழுதுகிறேன் என்றாள் ரோவீனா. அதுவும் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை ஊர்க் கவுன்சில் கூடுவதற்கு முன்னால் படம் கைக்கு வர வேண்டும் என்றாள்.

மேற்குப் பக்கம் மெர்வின் நிலம். எட்டு மீட்டர் அகலத்துக்கு, கடுகு போல மஞ்சளாகப் பூக்கும் அவன் கனோலா வயல் போகும், போன வருடம் எழுபத்திரண்டு வயதில் கம்பம் கம்பமாகத் தானே நட்ட புது வேலியும் போகும். மறைக்காமல் அவனிடமே போய்ச் சொன்னேன். அவன் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வாரம் முழுக்க மேகம். வெயில் இல்லாமல் சிலந்தி ஆடாது. வியாழன் பதினோரு மணிக்கு வெயில் விழுந்தது. நான் போய்ச் சேரும்போது மெர்வின் வண்டி ஏற்கெனவே அங்கே நின்றது. இறங்கி நேராக அவனிடம் போனேன்.

"நீ எதுக்குய்யா வந்த?"

"என் தாத்தா பேர்ல இருக்கற ரோடு. நான் வரக்கூடாதா?"

"கெடுக்க வந்தியா, எடுக்க வந்தியா? அத மட்டும் சொல்லு."

"தெரியல," என்றான். பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இரண்டு பேரும் சரளை மண்ணில் குப்புறப் படுத்தோம். அவன் சாலைப் பக்கம், நான் அவனுக்கு எதிரே புதர்ப் பக்கம். அரை மணி நேரத்தில் காய்ந்த இலை ஒன்றின்மேல் அது வந்தது. ஆண். நான் கேமராவைத் தூக்குவதற்குள் மெர்வ் தன் பீரங்கி லென்ஸை நீட்டிவிட்டான். நாலு விரல், மூணு விரல், இரண்டு விரல். இவ்வளவு கிட்டப் போனால் எல்லாச் சிலந்தியும் ஓடும். இது ஓடவில்லை. அந்தப் பெரிய கண்ணாடியில் தன்னையே பார்த்ததோ என்னவோ, ஒரு நொடி நிதானித்துவிட்டு நேராக அதன்மேல் தாவி ஒட்டிக்கொண்டது.

"எங்க போச்சு?" என்றான் மெர்வ்.

"உன் லென்ஸ் மேலதான் உக்காந்திருக்கு. ஆடாத."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸ்மேலேயே உட்கார்ந்திருப்பதை லென்ஸால் பார்க்க முடியாது. எனக்கு முழுசாகத் தெரிந்தது. சிலந்தி கண்ணாடியிலிருந்து மெல்ல ஏறி விளிம்பின் உச்சிக்கு வந்து, என் பக்கம் திரும்பி நின்றது. என் லென்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு கையகல இடம். அந்தத் தூரத்துக்காகத்தான் அத்தனை ஸ்பகெட்டியை உடைத்தேன். என் கை உறுதியாக இருந்தது. மெர்வின் கைதான் நடுங்கியது. முழங்கை சரளையில் ஊன்றியிருக்க, கேமராவின் கனம் தாங்காமல் லென்ஸ் மேலும் கீழும் ஆடியது. சிலந்தி தெளிவுக்குள் வந்து வந்து வெளியே போனது.

"எவ்வளவு நேரம்?" உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"அது ஆடி முடிக்கற வரைக்கும்."

"கை போகுது, நோலீன்."

ஒரு இருமல் போதும். ஒரு தும்மல் போதும். சிலந்தி புதருக்குள் போய்விடும், மறுபடி இன்னொரு வெயில் நாள் திங்கட்கிழமைக்குள் வராது. வேலி அங்கேயே நிற்கும், யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது, நான்கூட. அது எனக்குத் தெரிந்த மாதிரியே அவனுக்கும் தெரியும். கெஞ்சலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை. பேசாமல் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

மெர்வ் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினான். தாடையைக் கேமராவின் முதுகில் வைத்து அழுத்தி, அதை மண்ணோடு சேர்த்துப் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூக்கு விடைப்பது நின்றது. லென்ஸ் அசையவே இல்லை. அந்தக் கிழவன்மேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்தது, அதைச் சொல்லத்தான் நேரமில்லை.

சிலந்தி ஒரு காலைத் தூக்கியது. பிறகு மறு காலையும். நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். கேமரா சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே போனது. விசிறி விரிந்தது. நீலத்தில் மூன்று ஆரஞ்சுப் பட்டைகள், அடியில் கருப்பாக மின்னும் கண்கள், கண்ணைச் சுற்றியிருக்கும் வெள்ளை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. அதற்குப் பின்னால், கலங்கலாக, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் மெர்வின் முகம். அதற்கும் பின்னால், படத்தின் விளிம்புவரை, அவன் வயலின் மஞ்சள்.