நின்றால் இடப்பக்கம்

ஜலாலுக்குக் கை சும்மா இருக்காது. ஆயில் மாற்றக் கொடுத்த வண்டியில் கேட்காத வேலையும் நாலு செய்துவைத்துவிட்டு, "எப்படி?" என்று இடுப்பில் கைவைத்து நிற்கிற ஆள். திருத்தணி பைபாஸில் அவன் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகவே அவனைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே அடுத்த தடவையும் அவனிடமேதான் வண்டியை விடுவார்கள். நேசகுமாரும் அந்த ரகம்தான்.

நேசகுமார் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. வேலை நாளெல்லாம் ஃபைலோடு குடித்தனம், லீவு வந்தால் பைக்கோடு. மலையடிவாரம், காடு, மண்பாதை என்று தேடித்தேடிப் போவார். அங்கெல்லாம் போனில் சிக்னல் செத்துவிடும் என்பதால் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்கியிருந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. போக வேண்டிய இடத்தை அதில் குறித்துவிட்டால், திரையில் ஓர் அம்பு அந்தத் திசையைக் காட்டிக்கொண்டே இருக்கும். பாவா வாங்கினால் நானும் என்று அவர் மச்சினன் இவானும் அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டான்.

ஆனால் அது நடந்து போகிறவர்களுக்காகச் செய்த கருவி. வண்டியில் கட்டினால், குலுக்கலில் உள்ளே இருக்கிற பென்சில் பேட்டரி ஆடிப்போய், பாதி வழியில் அணைந்துவிடும். "ஜலால் பாய், இதுக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்று நேசகுமார் வாய்திறந்ததுதான் தாமதம். பழைய ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்து அதன் வட்டக் காந்தத்தைப் பெயர்த்தான் ஜலால். அடியில் சைக்கிள் டியூப் ரப்பரைக் கொடுத்து ஹேண்டில்பார் நடுவில் காந்தத்தைப் பதித்தான். கருவியின் முதுகில் ஓர் இரும்புத் தகடு. வைத்ததும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. நேசகுமாரைப் பின்னால் உட்காரவைத்து ரயில்வே கேட் வரைக்கும் ஜலாலே ஓட்டிப் பார்த்தான். திரை அணையவில்லை. ஓடுகிற வண்டியில் அம்பு பிசகாமல் பட்டறையைக் காட்டியது. இவான் வண்டியிலும் அப்படியே ஒன்று பதித்தான். வருகிறவர்களுக்குக் காட்டிப் பெருமையடிக்கத் தன் வண்டியிலும் ஒன்று.

"கம்பெனிக்காரனுக்கே தோணல பாய் இது" என்று நேசகுமார் சொன்னபோது ஜலாலுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு டீக்காசைக்கூட அவன்தான் கொடுத்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை நேசகுமார் வீடு திரும்பவில்லை.

ஞாயிறு காலையில் பட்டறைக் கதவைத் தூக்கும்போதே வாசலில் ஹெப்சி நின்றிருந்தாள். நேசகுமாரின் மனைவி. மற்ற ஞாயிறுகளில் இந்நேரம் மகள் ப்ளெஸ்ஸியைக் கையில் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவள். இன்றைக்குத் தலைகூட வாரவில்லை.

"நேத்து சாயந்திரம் போன் பண்ணாரு பாய். நகரிக்கு அந்தாண்ட ஏதோ டீக்கடையில நிக்கிறாராம். சார்ஜ் இல்ல, குறுக்கு வழியா வந்துகினே இருக்கேன்னாரு. அவ்ளோதான். அப்புறம் சுவிட்ச் ஆஃப்."

"ஸ்டேஷன்ல சொன்னீங்களாம்மா?"

"எழுதிக் குடுத்துட்டோம். இவான் விடிஞ்சதும் கெளம்பிட்டான், மெயின் ரோட்டுல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா பாத்துகினு போறான். என்னை அந்த டீக்கடைக்குக் கூட்டினு போங்க பாய். ப்ளெஸ்ஸியைப் பக்கத்து வூட்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

காந்தம் பதிக்கச் சொல்லி ஸ்ரீதர் என்பவர் விட்டுப்போயிருந்த கருவி ஒன்று, முதுகில் தகடு ஒட்டித் தயாராக, பட்டறையில் கிடந்தது. நேசகுமார் வைத்திருந்ததே போன்ற கருவிதான். திரும்புகிற வழிக்கு ஆகும் என்று ஜலால் அதில் தன் பட்டறையைக் குறித்துக்கொண்டு, தன் வண்டிக் காந்தத்தில் ஒட்டவைத்தான். கதவை மறுபடியும் இழுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

நகரியைத் தாண்டி ரெண்டு மூன்று கடைகளில் விசாரித்தபிறகு சரியான டீக்கடை கிடைத்தது. கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"ஆங், வந்தாரு நைனா. டீ சாப்ட்டாரு. இருட்டப்போவுது, தார் ரோட்லயே போ சார்னு நான் சொன்னேன். இது வழி காட்டும்னு வண்டி மேல இருந்த மெஷினைத் தட்டிக் காட்டிட்டு, இதோ, இந்த மண்ரோட்ல எறங்குனாரு."

ஹெப்சி நிமிர்ந்து ஜலாலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. வழிகாட்டுகிற கருவி கையில் இருந்தால் ஆள் எங்கே தொலையப்போகிறார்? வண்டி பஞ்சராகி எங்காவது உட்கார்ந்திருப்பார். ஜலாலும் அதையேதான் நினைத்தான். நினைக்கும்போதே, தான் செய்த காந்தம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப்பார்த்தது. பாழாய்ப்போன மனசு, எந்த நேரத்தில் எதற்குச் சந்தோஷப்படுவது என்று அதற்குத் தெரிவதில்லை.

மண்பாதையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. ஜலாலுக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை. அம்பு நேர் எதிரே காட்டியது, அதையே நம்பிப் போனான். பின்னால் ஹெப்சி "ஏசப்பா, ஏசப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். புதர் புதராகப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனார்கள்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஜலால் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தான். அம்பு இடது பக்கம் திரும்பியிருந்தது. இடது பாதையில் வண்டியை விட்டான்.

வண்டி வேகம் பிடித்ததும் அம்பு நகர்ந்தது. வலது பக்கமாகச் சுற்றி, பின்னால் போய் நின்றது. வழி தப்போ என்று பிரேக் போட்டு நின்றான். நின்றதும் அம்பு மறுபடியும் இடது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கம் வெறும் முள்ளுக்காடு. ஜலாலுக்குப் புரியவில்லை. ஹெப்சியை இறங்கச் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே வண்டியை முழுசாகத் திருப்பி, வந்த வழியைப் பார்க்க நிறுத்தினான். அப்போதும் இடது. குறுக்கே நிறுத்தினான். அப்போதும் இடது. வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், பட்டறை தனக்கு இடது பக்கத்தில்தான் இருக்கிறது என்று அந்த அம்பு சாதித்தது.

கருவியைக் காந்தத்திலிருந்து பிடுங்கிக் கையில் தூக்கிப் பிடித்தான். அம்பு தடுமாறி, சுற்றி, அவர்கள் விட்டுவந்த வலது பாதையின் பக்கம் நின்றது. காந்தத்தின் மேல் வைத்தான். இடது.

வண்டி ஓடும்போது கருவி தான் நகர்கிற போக்கை வைத்துத் திசை சொல்கிறது. நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற திசைகாட்டி முள்ளை நம்புகிறது. அந்த முள்ளின் கழுத்தடியில்தான் அவன் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டிவைத்திருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், திசைகாட்டி பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோகக் கூடாதென்று. ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தவன், ஒரு நிமிஷம் நின்று பார்க்கவில்லை.

"என்ன பாய், வழி தப்பா?" என்று ஹெப்சி கேட்டாள்.

சரியான வழி வலது பாதைதான். ஆனால் நேற்று மங்கிய வெளிச்சத்தில் இங்கே வந்தவர் நின்று பார்த்திருந்தால், வீடும் பட்டறை இருக்கிற திசைதான் என்பதால் அவருக்கும் இதே இடதுதான் காட்டியிருக்கும்.

"இல்லம்மா" என்றான் ஜலால். "அவரு இப்படித்தான் போயிருப்பாரு. ஏறுங்க."

பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. திரும்பியதும் பாதையே இல்லை. கைவிட்ட கல்குவாரி. வேலியில்லை, ஒரு கல்கூட நட்டுவைக்கவில்லை. அடிமேல் அடிவைத்து ஓட்டிவந்ததால் ஜலால் விளிம்புக்கு முன்னாலேயே நின்றுவிட்டான். விளிம்பில் மண் புதிதாகச் சரிந்திருந்தது. வெகு கீழே பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த பாறையில் வண்டி நசுங்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில் நேசகுமார் குப்புறக் கிடந்தார்.

ஹெப்சியின் அலறலைக் கேட்டு, எதிர்ச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வேடியப்பன் ஓடிவந்தார். அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தார். மேலே நிமிர்ந்து, கையை இல்லையென்று ஆட்டினார். உயிர் ராத்திரியே போய்விட்டிருக்கிறது.

ஜலால் போலீசுக்குப் போன் செய்தான். விளிம்பை ஒட்டி ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் இருந்தது. ஹெப்சி அழுது அழுது சத்தம் போய், மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டி அவன் காலைத் தொடப் போனாள். ஜலால் பதறி விலகினான்.

"நீங்க இல்லன்னா அவரை யாரு பாய் கண்டுபிடிச்சிருப்பாங்க? நாய் நரி இழுத்துகினு போயிருக்கும். அந்த மெஷினு நேரா அவருகிட்டயே கொண்டாந்து விட்டுச்சே."

ஜலால் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் என்று விட்டுவிடலாம். காந்தத்தைப் பெயர்த்து அதே தண்ணீரில் எறிந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? கெட்ட நேரம், இருட்டு, வேலியில்லாத பள்ளம். ஊர் அதோடு விட்டுவிடும். இந்தப் பெண் ஆயுசுக்கும் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேல் காறித்துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் நினைத்தான்.

போன் அடித்தது. இவான்.

"பாய், டீக்கடையில சொன்னாங்க, அக்காவும் நீங்களும் மண்ரோட்ல எறங்குனீங்கன்னு. நானும் எறங்கிட்டேன், வேகமா வந்துகினே இருக்கேன். பாவா கெடச்சாரா?"

"நில்லு. அங்கயே நில்லுடா. நான் வரேன்."

"என்ன? கேக்கல பாய். ரெண்டா பிரியுது. எங்கிட்ட ஜிபிஎஸ் இருக்கு, வூட்டுப் பக்கம் எதுன்னு நின்னு பாத்துட்டு வந்துட்றேன், நீங்க அங்கயே..."

குரல் விட்டுவிட்டு வந்தது. ஜலால் ஒரு நொடி ஹெப்சியைப் பார்த்தான். அடுத்த நொடி தொண்டை கிழியக் கத்தினான்.

"அதைப் பாக்காத! இவான், அம்பைப் பாக்காத! வண்டி நின்னா அது தப்பா காட்டும். நான் வெச்ச காந்தம்தான்டா. எப்பவும் இடது பக்கம் காட்டும், இடது பக்கம் குழி! வண்டியை விட்டு எறங்கு, எறங்கி நில்லு!"

போனில் எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது. பிறகு இவானின் குரல், சின்னப் பிள்ளையின் குரல்போல: "எறங்கிட்டேன் பாய்."

ஜலால் போனை இறக்கினான். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஆனால் பார்த்தாக வேண்டியிருந்தது. ஹெப்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நின்னாதான் தப்பா காட்டுமா?" என்று கேட்டாள்.

"ஆங்."

"ஓட்டிகினு இருக்கும்போது பாத்தா?"

"சரியா காட்டும்மா."

ஹெப்சி பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வண்டி ஓட்டும்போது அதைப் பாக்கக் கூடாதுன்னு ப்ளெஸ்ஸி தலையில கைவெச்சு சத்தியம் வாங்கினேன் பாய். எதுவானாலும் வண்டியை நிறுத்தி, நின்னு பாருங்கன்னேன். ஒரு தடவைகூட அவரு அதை மீறுனதில்ல."