ஓரம் வெட்டிய டிவி

மானிட்டர் செத்துப்போனதும், ஹாலில் இருந்த பெரிய டிவியைத் தூக்கி வந்து மனைவியின் மேஜையில் வைத்தார் கணவர். அவள் வீட்டிலிருந்தபடியே அச்சகத்துக்கு நோட்டீஸ் வடிவமைத்துக் கொடுப்பவள். கம்ப்யூட்டரை இணைத்ததும் படம் வந்தது. ஆனால் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு வந்தது. எழுத்துகள் தண்ணீரில் ஊறியவை போலக் கலங்கித் தெரிந்தன. கம்ப்யூட்டரில் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தாள், மசியவில்லை.

"இரு, கீழ சொல்றேன்" என்றார் கணவர்.

கீழ் வீட்டில் அவர் தம்பி குடும்பம். சொல்லப்போவது தம்பியிடம் இல்லை, தம்பி மனைவியிடம் என்று அவளுக்குத் தெரியும். குக்கர் கைப்பிடி ஆடினாலும் சரிசெய்வது அந்த ஓரகத்திதான், மாமனார் போனில் எழுத்து சின்னதானாலும் அவள்தான். போதாக்குறைக்குச் சிரித்த முகம் வேறு.

ஓரகத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்தாள்.

"கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லக்கா. டிவிதான் படத்தைப் பெருசாக்கி ஓரத்தை வெட்டுது."

ரிமோட்டில் பட அளவை 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று மாற்றினாள். ஓரங்கள் உள்ளே வந்தன. வந்திருப்பது கம்ப்யூட்டர் என்று டிவிக்குத் தெரியும்படி, வயர் செருகியிருந்த இணைப்புக்கு 'பிசி' என்று பெயர் வைத்தாள். எழுத்துகள் பளிச்சென்று தெளிந்தன.

"பாத்தியா! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிட்டா" என்றார் கணவர்.

அந்தப் 'பாத்தியா' மனைவிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் நோட்டீஸ் ஒன்றையாவது இவர் இப்படி வாய் பிளந்து பார்த்ததுண்டா?

எல்லோரும் போனதும் ரிமோட்டை எடுத்தாள். அமைப்புகளையெல்லாம் பழையபடி மாற்றவா என்று டிவி கேட்டது. மாற்று என்று அழுத்தினாள்.

"மறுபடி போயிடுச்சுங்க. அரைகுறையாப் பண்ணிட்டுப் போயிருக்கா" என்றாள், கணவர் திரும்பி வந்ததும்.

"கூப்பிடட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். நானே சமாளிச்சுக்கறேன்."

சொல்லும்போது இனித்தது. கண் எரிய எரிய வேலை பார்த்தாள். ஒரு தையல் கடையின் பழைய நோட்டீஸை எடுத்து, அதன் மேலேயே பல் டாக்டருக்கு மாற்றி எழுதி அனுப்பினாள். அடிவரியில் இருந்த போன் நம்பர் திரைக்கு வெளியே கிடந்தது. அதையும் மாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

நோட்டீஸ் ஊரெல்லாம் போன பிறகு அச்சகக்காரர் போனில் கத்தினார்.

"பல்லு புடுங்க எப்ப வரட்டும்னு தையக்காரருக்கு போன் மேல போன்! நான் துணிதான் தைப்பேன், வாயைத் தைக்கணுமான்னு கேக்கறாரு!"

அவளைக் கேட்காமலே கணவர் ஓரகத்தியை அழைத்துவிட்டார். வந்தவள் அமைப்புகளைத் திறந்தாள். பட அளவு மட்டுமில்லை, இணைப்பின் பெயர், வெளிச்சம் எல்லாமே டிவி வாங்கியபோது இருந்த நிலையில். திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் தானாவே மாறுமா?" என்றார் கணவர்.

ஓரகத்தி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"சில டிவி அப்படித்தான் மாமா. கரண்ட் போய் வந்தா மறந்துடும்."

அவர் தலையாட்டிவிட்டு, அச்சகக்காரரைச் சமாதானப்படுத்தக் கிளம்பினார்.

"நீ சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்கா, மெதுவாக.

"சொல்லி? உங்க நோட்டீஸ் ஒண்ணை எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கார் என் வீட்டுக்காரர். அண்ணி மாதிரி ஒரு கோடு போட வருமா உனக்குன்னு பார்க்கறப்பல்லாம் கேக்கறார். ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டிருக்கேன். மறுபடி ஒட்டறார்."

அக்காவுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்தான்.

"எந்த நோட்டீஸு?" என்று கேட்டாள்.