எடப்பாடிக்கு மேலே நின்ற விமானம்

சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் ஆகாய வழியில் இருநூற்று அறுபத்தைந்து மைல். விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். 1955 நவம்பரில் சென்னையை விட்ட ஒரு விமானம் 1962 நவம்பரில் கோயமுத்தூரில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களின் கைக்கடிகாரங்களில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இடைப்பட்ட ஏழு வருஷமும் அது எடப்பாடிக்கு மேலே சத்தமில்லாமல் நின்றது. மைதானத்தில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிற நெசவாளர்கள் அதன் நிழலுக்குத் தோதாக இடம் மாற்றிக்கொண்டார்கள்.

அதில் தண்டாயுதபாணி இருந்தான். எடப்பாடிக்காரன், வயது இருபத்திரண்டு, சென்னையில் நூல் மண்டியில் வேலை. மறுநாள் அவனுக்கு ஊரில் கல்யாணம். வெள்ளத்தில் ரயில் பாதை அறுந்துபோனதால் முதலாளி விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்க, தந்தி அடித்துவிட்டு ஏறியிருந்தான். கோயமுத்தூரில் இறங்கி பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம்.

பெண் கண்ணாத்தாளுக்குப் பதினெட்டு. பந்தலை மூன்று நாள் விட்டுவைத்துப் பிறகு பிரித்தார்கள். விமானக் கம்பெனிக்கு எழுதியதற்கு, விமானம் வழியில் இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரின் தூரக்கண்ணாடியில் பார்த்தால் மூன்றாவது ஜன்னலில் தண்டாயுதபாணி தெரிந்தான். 1956இல் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தான். 1958 ஆடியில் அது உதட்டுக்குப் போனது. அவன் முகத்தில் ஒரு கவலையும் இல்லாததைப் பார்த்துவிட்டு வந்த கண்ணாத்தாள் அன்று பொழுது சாயும்வரை தறியை விட்டு எழவில்லை. அவள் அப்பா காளியண்ணன் இரண்டு முறை வேறு மாப்பிள்ளை பார்த்தார். இரண்டு முறையும் அவள் மேலே கைகாட்டி, “அவருதான் வந்துகிட்டு இருக்காருங்களே” என்றாள்.

தண்டாயுதபாணியின் அம்மா பூவாத்தாள் தனி ஆள். கண்ணாத்தாள் அவள் வீட்டிலேயே தறி போட்டுக்கொண்டு அவளையும் பார்த்துக்கொண்டாள். பூவாத்தாள் தினமும் விமானத்தின் அடியில் நின்று அன்றைய சமாசாரத்தைச் சொல்லிவிட்டு வருவாள். 1960 மாசியில் காய்ச்சலில் இறந்தாள். பாடையை அந்த நிழல் வழியாகவே கொண்டுபோனார்கள். அன்று மகன் தலை குனிந்தான் என்று வாத்தியார் சொன்னார். கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்திருப்பான் என்றார்கள் மற்றவர்கள்.

1962 கார்த்திகையில் ஒரு காலை விமானம் நகர்ந்து போனது. சாயங்காலம் தண்டாயுதபாணி பஸ்ஸில் வந்து இறங்கினான். ஏழு வருஷம் போனதைக் கோயமுத்தூரிலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டில் கண்ணாத்தாள் மட்டும் இருப்பதைக் கண்டு அம்மா எங்கே என்று கேட்டான். சொன்னாள். தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதான். மூன்று வருஷம் ஆகப்போகிற சாவு அவனுக்கு அன்றைக்குத்தான் நடந்தது. அவளும் கூட உட்கார்ந்து புதிதாக அழுதாள்.

பிறகு எழுந்து சோறு போட்டாள். அவன் கை கழுவியதும் சொன்னாள்:

“இப்ப உங்களைவிட எனக்கு மூணு வயசு கூடுதலுங்க. வேண்டாம்னா சொல்லிப்போடுங்க. எங்கூட்டுக்குப் போய்க்கறேன்.”

“உன்னக் கட்டத்தான் காலைல கெளம்புனேன். வேற நெனப்பு வரதுக்கு எனக்கு நேரமே இல்ல புள்ள” என்றான்.

தையில் கல்யாணம் நடந்தது. பெண் மூத்தவள் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. ஜாதகப்படி மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது. விட்டுப்போனதையெல்லாம் சொல்லு என்று அவன் கேட்க, தறி நெய்துகொண்டே நாளைக்கு ஒரு வருஷமாகச் சொன்னாள்: யார் பிறந்தார்கள், எந்தக் கிணறு வற்றியது, நயா பைசா வந்த புதிதில் சந்தையில் என்ன சண்டை. பூவாத்தாள் போன வருஷத்துக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. ஒன்பதாம் நாள் அவன் பக்கத்தில் சும்மா கிடந்த அம்மாவின் தறிக்குழியில் இறங்கி மிதியில் கால் வைத்தான்.