ஸ்டெல்லா மூச்சு விடும் நாள்

கெல்லர் ஃபால்ஸ் ஊரில் பேஸ்பால் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஸ்டெல்லா நோவிட்ஸ்கி மூச்சை நிறுத்திவிடுவாள். மறு வருஷம் வசந்தத்தில் முதல் பந்து வீசப்படும்போதுதான் மறுபடியும் மூச்சு விடுவாள். முதல் தடவை இது நடந்தபோது டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார், பாதிரியார் ஜெபம் சொன்னார், குழி தோண்டவும் ஆள் போயிற்று. அந்த வருஷம் அக்டோபரிலேயே நிலம் உறைந்துபோனதால் கடப்பாரை இறங்கவில்லை. அந்தப் பக்கமெல்லாம் குளிர்காலத்தில் செத்தவர்கள் மண் இளகும்வரை கல்லறைத் தோட்டத்துக் கற்கொட்டகையில் காத்திருக்க வேண்டியதுதான். ஏப்ரலில் கொட்டகையைத் திறந்தபோது ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்துகொண்டு, நம் நாரைகள் அணிக்கு இந்த வருஷம் முதல் பந்தை வீசியது யார் என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளைப் புதைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவள் கணவர் ஆல்வின் காகித ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கு பேஸ்பால் சுத்தமாகப் பிடிக்காது. வளர்ந்த ஆம்பிளைகள் நின்ற இடத்தில் நின்று துப்பிக்கொண்டிருப்பதற்கு டிக்கெட் வேறா என்பார். ஆனால் புதுப் பருவத்துக்காக அவரைப்போல் தவித்துக் கிடந்தவர் அந்த ஊரில் யாருமில்லை. குளிர்காலம் முழுக்க ஸ்டெல்லாவைப் பின்னறையில் கிடத்தி, ஞாயிறுதோறும் தலை வாரிவிட்டு, ஆலை வம்புகளை ஒன்று விடாமல் சொல்வார். தெற்கே பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிட்டன என்று வானொலியில் கேட்டால் போதும், அன்றைக்கே சக்கர நாற்காலிக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவார். தொடக்க நாளில் அவளைக் கம்பளியில் சுற்றி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். வாசலில் இருப்பவன் எதுவும் கேட்காமல் இரண்டு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுப்பான். பந்து கையுறையில் பட்டென்று விழுந்த நொடியில் ஸ்டெல்லா பெருமூச்சு விட்டு, "என்ன, இன்னும் சாசேஜ் வாங்கலையா?" என்பாள். அந்தக் குரலுக்காகத்தான் அந்த மனுஷர் அத்தனை மாசம் கிடந்தார்.

குளிர்காலங்களில் அவளுக்கு வயது ஏறவில்லை. அவருக்குக் கூன் விழுந்து தலை வெளுத்தபோது அவளுக்கு அப்போதுதான் காதோரம் நரைத்திருந்தது. ஒருமுறை வெளியூர்ப் பாப்கார்ன்காரன், "பொண்ணுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க பெரியவரே" என்று சொல்ல, ஆல்வின் சிரித்துவிட்டு வாங்கிக் கொடுத்தார். ஆனால் அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

இதில் ஒரேயொரு நிபந்தனை இருந்தது. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது முடிவதற்குள் மழையோ பனியோ நிறுத்திவிட்டால் அந்த ஆட்டம் கணக்கில் வராது, பருவமும் தொடங்கியதாக ஆகாது. ஒரு வருஷம் அப்படி மூன்றாவது இன்னிங்ஸில் மழை கொட்ட, ஸ்டெல்லா வாயில் கடித்த சாசேஜ் துண்டோடு அப்படியே நின்றுபோனாள்.

ஆல்வினின் இதயம் கெட்டுப்போன குளிர்காலத்தில், கோடையைப் பார்ப்பது கஷ்டம் என்றார் டாக்டர். "கோடை யாருக்கு வேணும்? ஏப்ரல் வரைக்கும் ஓட்டிக் குடுங்க, போதும்" என்றார் ஆல்வின். அப்படியே ஓட்டியும் விட்டார். ஆலைப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியைத் தள்ள, பின்னாலேயே மூச்சிரைக்க நடந்து வந்து உட்கார்ந்தார். முதல் பந்து விழுந்தது. ஸ்டெல்லா விழித்து, அவரைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, சாசேஜ் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது இன்னிங்ஸில் பனி தூற ஆரம்பித்தது. நான்கு முடிந்தபோது பந்தே கண்ணுக்குத் தெரியவில்லை.

நடுவர் டெல்மர் ஆல்வினோடு ஆலையில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். நேராகப் படியேறி அவர்களிடம் வந்து குனிந்தார்.

"டேய் ஆல்வின், பலகையில அஞ்சுன்னு போடச் சொல்லிடறேன். எதிராளிங்ககிட்டயும் பேசிட்டேன். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்."

ஆல்வினுக்குச் சரி என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. மறு தேதி வரும்வரை தான் இருக்கப்போவதில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். இப்படி வாங்கிய பருவத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது.

"நாலு நாலுதான், டெல்மர். போய் நிறுத்து."

"போடா கிழவா," என்றாள் ஸ்டெல்லா. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. "ஒழுங்கா சூப் குடிக்கறியா? ராத்திரி காலுக்கு உறை போடறியா?"

"எல்லாம் போடறேன்."

டெல்மர் மைதானத்துக்கு இறங்கிப்போக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு எடுத்துக்கொண்டார். வழியில் நின்று ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார் என்று இன்றும் சொல்கிறார்கள். பிறகு இரண்டு கையையும் உயர்த்தினார். ஸ்டெல்லாவின் விரல்கள் ஆல்வினின் கைக்குள் அப்படியே நின்றன.

தள்ளிவைத்த ஆட்டம் நடக்கவிருந்த அன்று காலையில், பின்னறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஆல்வின் இறந்துபோனார். சவ அடக்கம் செய்யும் ஃப்ளாய்ட் வந்து தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, "சீசனே இன்னும் தொடங்கலையே, அதுக்குள்ள எப்படிப் பொதைக்கிறது?" என்றார். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. இருவரையும் இரண்டு நாற்காலிகளில் வைத்து ஆலைப் பையன்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் இருந்தவன் இரண்டு டிக்கெட்டையும் கிழித்தான்.

முதல் பந்துக்கு ஸ்டெல்லா விழித்தாள். பக்கத்தில் இருந்த கையைத் தொட்டதுமே தெரிந்துகொண்டாள். தன் கம்பளியில் பாதியை அவர்மேல் இழுத்துவிட்டு, அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஆட்டத்தின் பக்கமே திரும்பவில்லை. ஆட்டக்காரர்களும் பந்தைவிட்டு அந்த வரிசையையே பார்த்ததால் நாரைகள் இரண்டு சுலபமான பந்துகளைக் கோட்டைவிட்டார்கள். ஐந்தாவது இன்னிங்ஸின் கடைசி ஆளும் ஆட்டமிழந்தான். ஆட்டம் கணக்கில் ஏறியது, பருவமும் தொடங்கியது.

ஆல்வின் நீளமாக மூச்சு இழுத்தார். இருமினார். குளிருகிறது என்றார்.

"கோட்டுப் பொத்தானைப் போடு," என்றாள் ஸ்டெல்லா. "இன்னும் நாலு இன்னிங்ஸ் இருக்கு."

அன்றைக்கு நாரைகள் தோற்றார்கள். அக்டோபரில் ஃப்ளாய்ட் தன் செலவில் அந்தப் பின்னறையில் ஸ்டெல்லா பக்கத்தில் ஆல்வினுக்கும் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்.