படிக்கவே இல்ல லா

எனக்குப் பொய் சொல்ல வராது என்று அம்மா பெருமையடித்துக்கொள்வார். பாவம். போன வருஷம் ஒரே பொய்யை மாதக்கணக்கில், மூச்சு முட்டாமல் சொன்னவள் நான்.

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜூனியர் கல்லூரியில் அஃப்னா என் பக்கத்து இருக்கைக்காரி; பார்மஸி படிக்கும் கனவில் இருந்தவள். ஆண்டிறுதித் தேர்வு நெருங்க நெருங்க, தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

"பயமா இருக்குடி நிரஞ்சனா. கெமிஸ்ட்ரி எவ்ளோ முடிச்ச?"

"நான் படிக்கவே இல்ல லா. டிராமா பாத்துட்டு இருக்கேன்."

கிளமெண்டி நூலகத்துக்கு வெளியே வந்து நின்றுகொண்டுதான், எங்கள் ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' ஒட்டி, இதைச் சொல்வேன். உள்ளே என் மேசையில் வேதியியல் வினாத்தாள் மூன்றாம் முறையாகப் பாதி முடிந்து கிடக்கும். விழுந்து விழுந்து படித்தும் மதிப்பெண் குறைந்தால் மானம் போகும். படிக்காமல் குறைந்தால் போகாது. வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்லித் திரிந்தோம். அஃப்னா ஒருத்திதான் நம்பினாள்.

"அப்பாடா! அப்ப நானும் கொஞ்சம் படுக்குறேன்," என்பாள். நான் அவளைத் தடுக்கவில்லை. படிக்காமலே சமாளிக்கிறவள் என்று அவள் என்னை வியந்தது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவே கூசுகிறது.

நான் தேறினேன். அவள் இரண்டு பாடங்களில் தவறினாள்.

நேற்று ஜாலான் புசாரில் அவள் வாப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கல்லூரியிலிருந்து விலகும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வாப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அதே வருஷத்த இன்னொரு தடவ படிக்கலாம்ல?" என்றேன்.

"எதுக்குடி? நான் கொஞ்சமாச்சும் படிச்சேன், ஃபெயிலு. நீ புக்கையே தொடல, பாஸு. எனக்கு மண்டையில அவ்ளோதான். பார்மஸி எல்லாம் நமக்கு ஆகாது லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அஃப்னா, நான் சொன்னது பொய். தினமும் நாலு மணி நேரம் லைப்ரரில உக்காந்து படிச்சேன். டிராமா ஒண்ணுகூடப் பாக்கல. சத்தியமா."

பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளோ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"என்னைத் தேத்துறதுக்கு இப்படியெல்லாம் பொய் சொல்றியே," என்றாள். "நீ ரொம்ப நல்லவடி."

பிறகு உட்கார்ந்து, படிவத்தில் மீதியிருந்த கட்டங்களையும் நிரப்பினாள்.