வெற்று கேசட்டில் வந்த முப்பத்தொரு பாட்டு

1982 ஜூலையில், ஜீவனஹள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்த மௌரீன் சிவாஜிநகர் நடைபாதையில் வாங்கிய வெற்று கேசட்டில், சனிக்கிழமைக்கு ஒன்றாகப் புதுப் பாட்டு தானாகவே பதிவாகத் தொடங்கியது. ஒரு பெண் தமிழும் கன்னடமும் கலந்து பாடினாள். ஒரு பாட்டில், பேட்டரி இரண்டு பர்சென்ட்தான் இருக்கிறது, சீக்கிரம் லொகேஷன் அனுப்பு என்று கெஞ்சினாள். அது டார்ச் லைட்டைப் பற்றிய பாட்டு என்று தெருவில் முடிவு செய்தார்கள். பாட்டு தானாக வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; பாட்டு பிடிக்கவில்லை என்பதுதான் எல்லோருக்கும் குறை. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சுச்சளியோடு திரும்பியிருந்த அப்பா அப்பாதுரை, மாவு மில் ஓடுவதுபோல் இருக்கிறது, சத்தத்தைக் குறை என்றார். பாதிரியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் பாவம் ஒன்றும் இல்லை, மெட்டும் இல்லை என்றார். பள்ளித் தோழிகள் ஒரு பாட்டோடு எழுந்து போனார்கள். மௌரீன் மட்டும் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். பிப்ரவரியில் முப்பத்தொன்றாவது பாட்டு வந்தது. அதோடு நின்றுவிட்டது. அந்த வருட மழையில் கூரை ஒழுகி, கேசட்டும் கெட்டது.

அந்தக் குரலைக் கேசட் கடைகளிலும் ரேடியோவிலும் நாற்பது வயதுவரை தேடினாள். பெண் பார்க்க வந்த விஜய்குமார், கல்யாணத்துக்குப் பிறகு இப்படி அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கக் கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் சட்டைக் காலர் தைத்தாள். அப்பா போனபின் வீட்டில் அந்த முணுமுணுப்பைக் குறை சொல்லவும் ஆள் இல்லை. பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் பெண்கள் பி.ஜி. விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிக்கொண்டாள்.

2022 ஜூனில் ஆனேக்கலிலிருந்து அனுஷா என்ற பெண் பெட்டியோடு வந்து நின்று, "ஆன்ட்டி, சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்று கேட்டாள்.

அதே குரல். மௌரீன் ஒன்பது மணிவரை என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அரிசி மூட்டைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அனுஷா லீவு நாட்களில் போர்வையைப் போர்த்திக்கொண்டு போனில் பாட்டு கட்டிப் பதிவு செய்து நெட்டில் போடுவாள். மௌரீன் துடைப்பத்தோடு கதவுக்கு வெளியே நிற்பாள். தனக்குத் தெரிந்த வரிகள் உள்ளே தப்பாகப் பிறந்து, அழிக்கப்பட்டு, மெல்லச் சரியாகும். சரியான சொல் நாக்கு நுனிவரை வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். இப்படியே ஒரு வருடம் போனது.

பிறகு ஒரு காலையில் அனுஷா சமையலறைக்கு வந்து, ரூமைக் காலி செய்வதாகச் சொன்னாள். பாட்டையும் விட்டுவிட்டாளாம், ஊரில் மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம்.

"யாருமே கேக்கல ஆன்ட்டி."

"நான் கேட்டேன்மா. பத்தாவது படிக்கிறப்போ."

வெங்காயம் உரித்தபடியே மௌரீன் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அனுஷா ஒன்றுதான் கேட்டாள்.

"மொத்தம் எத்தனை பாட்டு?"

"முப்பத்தொண்ணு."

"நான் ஒம்பதுதான் பண்ணியிருக்கேன்."

அனுஷா மேலே போய், பெட்டியிலிருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

அதன்பின் ஞாயிறு மதியங்களில் இருவரும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்கள். அனுஷா பாடுவாள். பாட்டு முடியும்வரை மௌரீன் தலையைக்கூட அசைக்கமாட்டாள். முடிந்ததும், இதுதான் என்பாள். கேட்பவர்கள் நூறு, நூற்றைம்பது பேர் ஆனார்கள். போன ஜனவரியில் முப்பத்தொன்றும் முடிந்தன. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்கு யார் வரப்போகிறார்கள் என்று மௌரீன் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஞாயிறு மதியம் அனுஷா வழக்கம்போல வந்து உட்கார்ந்து பாடினாள். மௌரீனுக்கு அடுத்த வரி என்னவென்று தெரியவில்லை. அதற்கடுத்ததும் தெரியவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்று முன்னால் சாய்ந்தாள்.

"இன்னொரு வாட்டி பாடு," என்றாள்.