பாவு நகர்ந்த காலை

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டத் தொடங்கிய எட்டு வருடங்களில், வீரபாகு காலை வேளையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை. அப்போது அங்கே பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை, ஆயிரக்கணக்கில், தெருவின் நடுவே இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்கள். அவர் மார்க்கெட் பக்கமாகச் சுற்றிப் போய்விடுவார். அதைத் தாமதம் என்று அவர் நினைத்ததுகூட இல்லை.

அதைத் தாமதம் என்று சொன்னவள் ஜெயப்ரியா. ஒரு மாதமாக வண்டியில் கூடவே வரும் ஆராய்ச்சி மாணவி.

“இன்னாமா, இன்னிக்கும் நிமிஷம் எண்ணிக்கினு வர்றியா?” என்றார் வீரபாகு.

“எண்ணி முடிச்சிட்டேண்ணா. ரெண்டு வருஷக் கணக்குல இந்தத் தெருவுக்குக் காலையில மட்டும் ஆறு நிமிஷம் லேட்டு. அமாவாசைன்னா லேட்டே இல்ல. ஏன்னுதான் புரியல.”

வீரபாகுவுக்கு உடம்பு சிலிர்த்தது. அமாவாசை, தறிக்கு விடுமுறை. பாவு நீட்டியதையே பார்த்திராத பெண், வெறும் எண்களுக்குள் அதைத் தொட்டுவிட்டிருந்தாள்.

அன்றைக்கே அழைப்பு வந்தது. அதே தெருக்கோடியில் வடிவாம்பாள் என்ற பெண்ணுக்குக் கடும் மூச்சுத் திணறல். தெருமுனையில் மருத்துவ உதவியாளர் இளவரசி ஆக்சிஜனோடு குதித்து ஓடினாள். எதிரே நடுத்தெருவில் பாவு நீண்டிருந்தது. வீரபாகு பழக்கத்தில் ரிவர்ஸ் போட்டார்.

“சுத்தாதீங்கண்ணா. நகத்த முடியுமான்னு கேளுங்க” என்றாள் ஜெயப்ரியா.

“பட்டும்மா அது!”

“இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா?”

அவர் இறங்கினார். பாவுக்காரர் நமச்சிவாயத்திடம், “வடிவாம்பாளுக்கு மூச்சு முட்டுதுபா. வண்டி போவணும்” என்றார்.

“அத்த கேக்க எட்டு வருசமாப்பா?” என்றவர், திரும்பிக் கத்தினார்: “தூக்குங்கப்பா! தொய்ய விடாதீங்க!”

இருபது பேர் இழைகளைத் தாங்கியிருந்த கோல்களைப் பற்றினார்கள். அரக்குச் சிவப்பில் அறுபது அடிப் பட்டு தரையிலிருந்து எழுந்தது. ஓர் அடி, இன்னொரு அடி. தெருவே ஒருக்களித்துப் படுப்பதுபோல, பாவு சுவரோரம் ஒதுங்கியது. வீரபாகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பக்கக் கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு சாண்.

வடிவாம்பாளை ஏற்றித் திரும்பியபோதும் அவர்கள் கோல்களைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றார்கள். பாவு தொய்யவில்லை.

“அண்ணா, வடிவாம்பாள் பேசுறாங்க!” பின்னாலிருந்து இளவரசி கூவினாள்.

“இன்னா சொல்றாங்க?”

“இழை ஏதாவது அறுந்துச்சான்னு கேக்குறாங்க.”